ஸ்ரீபெரும்புதூர் யசோதா அம்மா: ஜெயித்த வருஷமும் காத்திருந்த வருஷமும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசிய உரை)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. எங்க குழுவில் தீர்மானப் புத்தகம் எழுதுறது என் வேலை. எழுதிப் பழக்கம் இருக்கு, மைக் பிடிச்சுப் பேசிப் பழக்கம் இல்லை. தப்பு இருந்தா பொறுத்துக்கணும்.

"ஆண்டு விழாவுக்கு ஆளுக்கு ஒரு சாதனைப் பெண்ணைப் பத்திப் பேசுங்க"ன்னு தலைவி அக்கா சொன்னாங்க. நமக்கு உடனே ஞாபகம் வர்றது ஜான்சி ராணி, அன்னை தெரசா, இந்திரா காந்தி. அவங்களைப் பத்தி பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே நல்லாப் பேசுவாங்க. நான் நம்ம பக்கத்து ஆளைப் பத்திப் பேசலாம்னு முடிவு பண்ணேன். நம்ம ஸ்ரீபெரும்புதூர் தொகுதியில் இருந்து நாலு முறை சட்டமன்றத்துக்குப் போன டி.யசோதா அம்மாவைப் பத்தி.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நம்ம குழுவில் கட்சி பேசக்கூடாதுன்னு விதி இருக்கு. நானும் கட்சி பேச வரல. யாருக்கும் ஓட்டு கேட்கவும் வரல. யசோதா அம்மா காங்கிரஸ் கட்சிக்காரங்க. இங்க உட்கார்ந்திருக்கறவங்கள்ல ரெட்டை இலைக்காரங்க இருப்பீங்க, உதயசூரியன் இருப்பீங்க, மாம்பழம், சிறுத்தை எல்லாம் இருப்பீங்க. அது உங்க விருப்பம். ஒரு பொண்ணு முப்பது வருஷம் அரசியலில் எப்படி இருந்தாங்கன்னு பார்த்தா, நமக்கு அதில் எடுத்துக்க ஏதாவது இருக்கான்னு மட்டும் பார்ப்போம்.

முதலில் கணக்கைச் சொல்லிடறேன். நமக்குக் கணக்கு சொன்னாத்தான் பிடிக்கும்.

1980-ல் ஜெயிச்சாங்க. 1984-ல் ஜெயிச்சாங்க. அப்புறம் 1989, 1991, 1996 மூணு தேர்தல்லயும் நம்ம தொகுதிக்கு வேற எம்.எல்.ஏ. 2001-ல் திரும்பவும் ஜெயிச்சாங்க. 2006-லயும் ஜெயிச்சாங்க. 2011-ல் தோத்தாங்க.

நாலு வெற்றி. நாலையும் கூட்டினா ஏறக்குறைய பதினேழு வருஷம் சட்டமன்றத்துக்குள்ள. நடுவுல பதிமூணு வருஷம் வெளியில. இந்தப் பதினேழைப் பத்தியும் பேசணும், பதிமூணைப் பத்தியும் பேசணும்.

1980-ல் நம்ம ஊர் எப்படி இருந்திருக்கும்னு கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. சிப்காட் கிடையாது. ஒரகடத்துல கம்பெனி கிடையாது. ராத்திரி பகலா ஓடற கண்டெய்னர் லாரி கிடையாது. ஏரித் தண்ணியை நம்பி நெல்லு, மழை இல்லைன்னா மல்லாட்டை, அவ்வளவுதான். ஸ்ரீபெரும்புதூர்னா ராமானுஜர் பிறந்த ஊர், ஆதிகேசவப் பெருமாள் கோயில், அதுதான் அடையாளம். அந்த வருஷம் பிப்ரவரியில் எம்.ஜி.ஆர். ஆட்சியைக் கலைச்சிட்டாங்க. மே மாசம் தேர்தல். காங்கிரசும் தி.மு.க.வும் ஒரு பக்கம், எம்.ஜி.ஆர். ஒரு பக்கம். மாநிலம் முழுக்க எம்.ஜி.ஆர். ஜெயிச்சு திரும்பவும் முதலமைச்சர் ஆனாங்க. ஆனா நம்ம தொகுதியில் ஜெயிச்சது காங்கிரஸ் சார்புல நின்ன யசோதா அம்மா.

அப்போ அவங்க சட்டமன்றத்துக்குள்ள போகும்போதே எதிர்க்கட்சி. அந்தச் சபையில் பெண் உறுப்பினர்கள் விரல் விட்டு எண்ணுற அளவுதான். 234 பேர் உட்கார்ற இடம். நம்ம ஊராட்சி மன்றக் கூட்டத்துல பத்து ஆம்பளைங்க நடுவுல ஒத்தைப் பொம்பளையா உட்கார்றதே நமக்கு வயித்தைக் கலக்கும். அங்க எப்படி இருந்திருக்கும்!

இன்னொரு விஷயம் கவனிக்கணும். தமிழ்நாட்டுல காங்கிரஸ் ஆட்சி 1967-ல் முடிஞ்சுது. அதுக்கப்புறம் அந்தக் கட்சி இங்க ஆட்சிக்கு வரவே இல்லை. அதனால யசோதா அம்மா ஜெயிச்ச நாலு முறையும் அவங்க கட்சி ஆளுங்கட்சி கிடையாது. 1980-ல் எதிரணி. 1984-லும் 2001-லும் அ.தி.மு.க.வோட கூட்டணி, ஆட்சி அ.தி.மு.க. 2006-ல் தி.மு.க.வோட கூட்டணி, ஆட்சி தி.மு.க. அந்த முறை தி.மு.க.வுக்குத் தனியா 96 பேர்தான். ஆட்சி நடத்த 118 பேர் வேணும். காங்கிரஸ்ல ஜெயிச்ச 34 பேர் ஆதரவு குடுத்தாங்க. அந்த 34-ல் யசோதா அம்மாவும் ஒருத்தர். அப்பவும் மந்திரி சபையில் காங்கிரசுக்கு இடம் இல்லை, வெளியில இருந்து ஆதரவு.

அந்தக் காலத்துல கார்ல சுழல் விளக்கு, கையெழுத்து போட்டா நடக்கற அதிகாரம், இதெல்லாம் மந்திரிக்கு. ஆளுங்கட்சி இல்லாத எம்.எல்.ஏ.வுக்கு இருக்கறது ஒண்ணே ஒண்ணு. கேக்குறது.

சட்டமன்றத்துல கேள்வி நேரம்னு ஒண்ணு இருக்கு. உறுப்பினர் கேள்வியை முன்கூட்டி எழுதிக் குடுக்கணும். மந்திரி எழுந்து பதில் சொல்லித்தான் ஆகணும். அவசரமான விஷயத்துக்குக் கவன ஈர்ப்புன்னு ஒண்ணு இருக்கு. ஒவ்வொரு துறைக்கும் பணம் ஒதுக்கும்போது மானியக் கோரிக்கைன்னு விவாதம் நடக்கும். அதுல எந்த உறுப்பினரும் எழுந்து, "எங்க தொகுதிக்கு இது வேணும்"னு கேக்கலாம். கேட்டது எல்லாம் அவைக் குறிப்புல பதிவாகும். நம்ம தீர்மானப் புத்தகம் மாதிரிதான். எழுதி வச்சது நிக்கும், வாயில சொன்னது காத்தோட போயிடும்.

இன்னிக்கு எம்.எல்.ஏ.வுக்குத் தொகுதி மேம்பாட்டு நிதின்னு வருஷத்துக்கு 3 கோடி ரூபாய் இருக்கு. பள்ளிக் கட்டடம், நிழற்குடை, குடிநீர்த் தொட்டி எல்லாத்துலயும் பேர் எழுதி வச்சிருப்பாங்க, பார்த்திருப்பீங்க. அந்தத் திட்டமே 1997-98-ல்தான் வந்துச்சு. யசோதா அம்மா முதல் ரெண்டு முறை எம்.எல்.ஏ.வா இருந்தப்போ அந்த நிதி கிடையாது. ஆளுங்கட்சியும் இல்லை, கையில நிதியும் இல்லை. மனு வாங்கணும், அதிகாரிகிட்ட போகணும், சபையில் கேக்கணும். அதை வச்சே நாலு வருஷம் கழிச்சு மக்கள்கிட்ட வந்து திரும்ப ஓட்டு கேட்டு ஜெயிச்சாங்கன்னா, அது சின்ன விஷயம் இல்லை.

அடுத்து 1984. இது எனக்கு ரொம்பப் பிடிச்ச வருஷம். நான் அப்போ பிறக்கவே இல்லை!

அந்த வருஷம் அக்டோபர் 31-ம் தேதி பிரதமர் இந்திரா காந்தி அம்மாவைச் சுட்டுக் கொன்னாங்க. எம்.ஜி.ஆர். உடம்பு சரியில்லாம அமெரிக்காவுல ஆஸ்பத்திரியில இருந்தாங்க. டிசம்பர் 24-ம் தேதி தமிழ்நாட்டுல நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் ஒரே நாள்ல தேர்தல். ஓட்டுப் போடப் போனவங்க கையில ரெண்டு சீட்டு. நம்ம மக்கள் அன்னிக்கு எம்.எல்.ஏ. சீட்டுல ஜெயிக்க வச்சது யசோதா அம்மாவை. எம்.பி. சீட்டுல ஜெயிக்க வச்சது மரகதம் சந்திரசேகர் அம்மாவை. ஒரே நாள்ல, ஒரே மக்கள், ரெண்டு பெண்களை அனுப்பினாங்க. ஒருத்தரைக் கோட்டைக்கு, ஒருத்தரை டெல்லிக்கு.

என் மாமியார் அன்னிக்கு ஓட்டுப் போட்டவங்க. "ரெண்டு சீட்டுலயும் கை மேலதான் குத்தினேன்"னு சொல்லுவாங்க. ரெண்டும் பொம்பளைங்கன்னு யோசிச்சா போட்டீங்கன்னு கேட்டேன். "அதெல்லாம் யார் பார்த்தா, நிக்கிறாங்க போட்டோம்"னு சொன்னாங்க. எனக்கு அந்தப் பதில்தான் பிடிச்சுது. பொம்பளைன்னு பாவம் பார்த்தும் போடல, பொம்பளையாச்சேன்னு ஒதுக்கவும் இல்ல.

மரகதம் அம்மாவைப் பத்தியும் ரெண்டு வார்த்தை சொல்லணும். 1917-ல் பிறந்தவங்க. சுதந்திர இந்தியாவின் முதல் மக்களவையிலேயே உறுப்பினர். மத்தியில துணை மந்திரியா இருந்திருக்காங்க. மாநிலங்களவையிலும் இருந்தாங்க. 1984, 1989, 1991 மூணு முறையும் நம்ம ஸ்ரீபெரும்புதூர் எம்.பி. 1991 மே 21-ம் தேதி ராத்திரி ராஜீவ் காந்தி நம்ம ஊருக்கு வந்தது அவங்களுக்கு ஓட்டுக் கேக்கத்தான். அந்த ராத்திரி நடந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை. சென்னை பெங்களூர் ரோட்டுல போற பஸ்ஸுல இருந்து அந்த நினைவிடத்தைப் பார்த்தாலே நம்ம ஊர்ப் பெரியவங்க கண்ணு கலங்கும். அவரோட சேர்ந்து காவலுக்கு நின்னவங்களும், பார்க்க வந்தவங்களும் செத்தாங்க. அதுல பெண்களும் உண்டு. அவ்வளவு பெரிய துக்கத்துக்கு அடுத்த மாசமே தேர்தல் நடந்து, எழுபத்து மூணு வயசுல அந்த அம்மா திரும்பவும் எம்.பி. ஆனாங்க.

இப்ப திரும்ப யசோதா அம்மா கிட்ட வரேன்.

1984-ல் ஜெயிச்சது முழுசா அஞ்சு வருஷம் ஓடல. 1987 டிசம்பர் 24-ல் எம்.ஜி.ஆர். இறந்துட்டாங்க. அடுத்த மாசம் ஜானகி அம்மா ஆட்சியைக் கலைச்சாங்க, சபையும் கலைஞ்சுது. 1988 ஜனவரியோட யசோதா அம்மாவுக்கு எம்.எல்.ஏ. பதவி போச்சு. திரும்பக் கிடைச்சது 2001 மே மாசம். அதுதான் நான் சொன்ன பதிமூணு வருஷம்.

பதிமூணு வருஷம்னா என்னன்னு நமக்குத் தெரியும். பிறந்த குழந்தை எட்டாவது போற காலம். அந்தப் பதிமூணு வருஷத்துல நம்ம நாட்டுலயும் ஊர்லயும் என்னென்ன மாறிச்சுன்னு பாருங்க.

1989-ல் தமிழ்நாட்டுல சட்டம் வந்துச்சு, பரம்பரைச் சொத்துல மகளுக்கும் மகனுக்குச் சமமா பங்கு உண்டுன்னு. அதே வருஷம் தருமபுரி மாவட்டத்துல பெண்கள் சுய உதவிக் குழு தொடங்கினாங்க. 1997-ல் அது மகளிர் திட்டமா எல்லா மாவட்டத்துக்கும் வர ஆரம்பிச்சுது. நாம இன்னிக்கு இங்க உட்கார்ந்திருக்கறதுக்கு வேர் அது. 1993-ல் பஞ்சாயத்து ராஜ் சட்டம் நடைமுறைக்கு வந்துச்சு. 1996-ல் நடந்த உள்ளாட்சித் தேர்தல்ல மூணுல ஒரு பங்கு இடம் பெண்களுக்கு. அதே 1996-ல்தான் இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் கார் கம்பெனி வேலை தொடங்குச்சு.

அதாவது அவங்க 2001-ல் திரும்ப ஜெயிச்சு வந்தப்போ, தொகுதி பேரு அதேதான், தொகுதி வேற. ஏர் உழுத இடத்துல மதில் சுவர். ஊராட்சியில பெண் தலைவர்கள். தெருவுக்குத் தெரு குழு. 2005-ல் நோக்கியா ஒப்பந்தம், 2006-ல் செல்போன் கம்பெனி. நம்ம வீட்டுப் பெண் பிள்ளைங்க பன்னெண்டாவது முடிச்சதும் சீருடை போட்டுக்கிட்டு கம்பெனி பஸ் ஏறுன காலம் அது. 2010-ல் ஒரகடத்துல ரெனால்ட் நிசான். இதெல்லாம் யசோதா அம்மா கொண்டு வந்தாங்கன்னு நான் சொல்லல. கம்பெனி கொண்டு வர்றது ஆட்சியில இருக்கறவங்க வேலை. ஆனா கம்பெனி வந்தா ஊர்ல வர்ற பிரச்சினை எல்லாம் எம்.எல்.ஏ. வீட்டு வாசலுக்குத்தான் வரும். நிலம் போனவங்க மனு, வேலை கேட்டு மனு, தண்ணி மனு, ரோடு மனு. 1980-ல் ஏரி மதகு சரி பண்ணக் கேட்ட அதே ஊர், 2006-ல் கம்பெனி கழிவு ஏரியில வருதான்னு கேக்குது. ரெண்டு காலத்துக்கும் பதில் சொல்ல வேண்டி வந்த எம்.எல்.ஏ. நம்ம தொகுதியில அவங்க ஒருத்தர்தான்.

2011-ல் அவங்க தோத்தாங்க. அ.தி.மு.க.வுல நின்னவர் ஜெயிச்சார். அதுக்கப்புறம் 2016, 2021 ரெண்டு தேர்தல்லயும் ஜெயிச்சது ஆம்பளைங்க. குறை சொல்றதுக்காகச் சொல்லல. கணக்குக்குச் சொல்றேன். 2011-க்கு அப்புறம் 2021 தேர்தல் வரைக்கும் நம்ம தொகுதியில இருந்து ஒரு பெண்ணும் கோட்டைக்குப் போகல. மாநிலத்துக் கணக்கும் அப்படித்தான். 2021-ல் 234 பேர்ல பெண்கள் 12 பேர். நூத்துக்கு அஞ்சு பேர். ஓட்டுப் போடற வரிசையில பாதிக்கு மேல நாம நிக்கிறோம்.

2023-ல் நாடாளுமன்றத்துல சட்டம் போட்டாங்க, மக்களவையிலும் சட்டமன்றத்திலும் மூணுல ஒரு பங்கு பெண்களுக்குன்னு. நல்லதுதான். ஆனா மக்கள் தொகைக் கணக்கெடுப்பு முடிஞ்சு, தொகுதி மறுவரையறை முடிஞ்சுதான் அது நடைமுறைக்கு வரும்னு அதே சட்டத்துல எழுதியிருக்கு. அதுவரைக்கும் நம்ம கையில இருக்கறது ஊராட்சி. அங்க நமக்கு மூணுல ஒண்ணு இல்ல, பாதி இடம். 2016-ல் சட்டம் திருத்தி ஐம்பது சதவீதம் ஆக்கியிருக்காங்க.

இங்கதான் என் சொந்தக் கதை கொஞ்சம் சொல்லணும்.

நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்துல ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2021 அக்டோபர்ல நடந்துச்சு. எங்க வார்டு பெண்கள் வார்டு. குழுவுல எல்லாரும் சொன்னாங்கன்னு நான் வார்டு உறுப்பினருக்கு நின்னேன். மூணு பேர் நின்னோம். நான் பத்தொன்பது ஓட்டுல தோத்தேன்.

தோத்தது கூட எனக்குப் பெருசாத் தெரியல. அடுத்த நாள் குழாயடியில பேசினதுதான் தெரிஞ்சுது. "இவளுக்கு எதுக்கு இந்த ஆசை", "புருஷன் ஷிப்டு வேலைக்குப் போறான், இவ ஓட்டுக் கேக்கப் போறா", இப்படி. வீட்டுக்காரர், "போதும்மா, இனிமே வேணாம், நமக்கு ரெண்டு பிள்ளை இருக்கு"ன்னு சொன்னார். அவர் கெட்டவர் இல்ல. ஊர் பேச்சுக்குப் பயந்தார். ஆறு மாசம் நானும் கிராம சபைக்கே போகல. என் மாமியார்தான் ஒரு நாள் கேட்டாங்க, "ஓட்டுல தோத்தா ஊரை விட்டா போயிடுவே? அந்த யசோதா எத்தனை வருஷம் கழிச்சு வந்தாங்க தெரியுமா?"ன்னு. அன்னிக்குத்தான் நான் அந்தப் பேரையே கவனமாக் கேட்டேன். பதிமூணு வருஷம்னு கணக்குப் போட்டுப் பார்த்தது அதுக்கப்புறம்தான்.

எங்க ஊர் மெயின் ரோட்டுல கம்பெனி பஸ் நிக்கிற இடத்துல லைட் கிடையாது. ரெண்டாவது ஷிப்டு முடிச்சிட்டு வர்ற பெண் பிள்ளைங்க ராத்திரி பதினொன்னரை, பன்னெண்டு மணிக்கு இறங்குவாங்க. நம்ம ஊர் பிள்ளைங்களும் இருக்காங்க, வாடகைக்கு வீடு எடுத்துத் தங்கியிருக்கிற வெளி மாவட்டத்துப் பிள்ளைங்களும் இருக்காங்க. 2024 ஆகஸ்ட்ல வல்லம் வடகால்ல 18,720 பெண்கள் தங்கற விடுதியை முதலமைச்சர் திறந்து வச்சார். அது நல்ல விஷயம். ஆனா எல்லாப் பிள்ளைங்களும் விடுதியில இல்ல. நம்ம தெருவுலயும் இருக்காங்க. அவங்க ஓட்டு அவங்க சொந்த ஊர்ல. அவங்களுக்காக இங்க கேக்குறதுக்கு ஆள் கிடையாது.

நான் அந்த லைட்டைக் கேட்டேன். 2022 அக்டோபர் 2 கிராம சபையில கேட்டேன். "பார்க்கலாம்"னாங்க. நவம்பர் 1-ல் கேட்டேன். "போன தடவையே சொன்னோமே"ன்னாங்க. 2023 ஜனவரி 26-ல் எங்க குழுவுல இருந்து இருபது பேர் போனோம். மனுவா எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டு, "இதைத் தீர்மானமா எழுதுங்க, எழுதினதை வாசிச்சுக் காட்டுங்க, அப்புறம்தான் நாங்க வருகைப் பதிவுல கையெழுத்துப் போடுவோம்"னு சொன்னோம். எழுதினாங்க. ஏப்ரல் மாசம் கம்பத்துல லைட் எரிஞ்சுது. நான் மெம்பர் இல்ல, தோத்தவ. ஆனாலும் அந்த லைட் எரியுது.

ஆளுங்கட்சி இல்லாம, நிதி இல்லாம ஒரு எம்.எல்.ஏ. இருந்தாங்கன்னு சொன்னேனே, அவங்க வேலை எப்படிப்பட்டதுன்னு எனக்கு அந்த ஏப்ரல்லதான் கொஞ்சம் புரிஞ்சுது.

அதுக்காகக் கேட்டா மட்டும் போதும், பதவி வேணாம்னு சொல்ல வரல. பதவியும் வேணும். மூணு கிராம சபை, ஆறு மாசம், இருபது பேர் கூலி போச்சு ஒரு லைட்டுக்கு. மெம்பரா இருந்திருந்தா முதல் மாசக் கூட்டத்துலயே பேசியிருப்பேன்.

2026-ல் நம்ம ஊராட்சிகளோட அஞ்சு வருஷம் முடியுது. அதனால நாம தெரிஞ்சு வச்சுக்க வேண்டியதைச் சொல்றேன். எழுதிக்கிறவங்க எழுதிக்குங்க.

ஊராட்சித் தேர்தல்ல ஒவ்வொருத்தருக்கும் நாலு ஓட்டு. வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர். இதுல வார்டு உறுப்பினருக்கும் தலைவருக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. எந்தக் கட்சியிலும் இல்லாத நம்ம குழுப் பெண்கள் நிக்கிறதுக்கு வாசல் அதுதான். 21 வயசு முடிஞ்சிருக்கணும். அந்த ஊராட்சி வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்கணும். கல்யாணம் ஆகி வந்த தங்கச்சிங்க பேர் இன்னும் அம்மா வீட்டு ஊர்லயே இருந்தா இப்பவே மாத்திக்குங்க. வீட்டு வரி, தண்ணி வரி பாக்கி வைக்காதீங்க. போன தேர்தல்ல வார்டு உறுப்பினருக்கு டெபாசிட் 200 ரூபாய், பட்டியல் சமூகத்தவங்களுக்கு 100. தலைவருக்கு 600, பட்டியல் சமூகத்தவங்களுக்கு 300. லட்சக்கணக்குல செலவு பண்ணாத்தான் நிக்க முடியும்னு சொல்றவங்க, நாம நிக்கக் கூடாதுன்னு சொல்றவங்கதான்.

வார்டு மெம்பர் பதவி சின்னதுன்னு நினைக்காதீங்க. துணைத் தலைவரை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறது வார்டு மெம்பர்கள். ஊராட்சிக் காசோலையில தலைவரும் துணைத் தலைவரும் ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாத்தான் பணம் எடுக்க முடியும். நம்ம குழுக் கணக்குல ரெண்டு பேர் கையெழுத்து வேணும்னு வச்சிருக்கோமே, அதே கதை. நமக்கு இந்த வேலை தெரியும். வரவு செலவு எழுதத் தெரியும், வங்கிக்குப் போகத் தெரியும், கடன் கட்டாதவங்க வீட்டு வாசல்ல போய்க் கேக்கத் தெரியும். பக்கத்துல கேரளாவுல குடும்பஸ்ரீன்னு 1998-ல் நம்மள மாதிரியே பெண்கள் குழு தொடங்கினாங்க. அதுல இருந்து நிறையப் பெண்கள் ஊராட்சி உறுப்பினரா, தலைவரா போயிருக்காங்க. குழுவுல கத்துக்கிட்ட கணக்கை ஊராட்சியில பயன்படுத்துறாங்க.

இன்னொண்ணு. ஜெயிச்சா நாமதான் நாற்காலியில உட்காரணும். மனைவி பேர்ல பதவி, வீட்டுக்காரர் கையில சீல் வைக்கிற பழக்கம் நிறைய ஊர்ல இருக்கு. யாரையும் பேர் சொல்லல. வாசிக்காம எந்தத் தாள்லயும் கையெழுத்துப் போடாதீங்க. தெரியலைன்னா நம்ம கூட்டமைப்புக்கு வாங்க, சேர்ந்து வாசிக்கலாம்.

கூட்டமைப்புக்கு நான் ஒரு கோரிக்கை வைக்கிறேன். நிக்க விருப்பம் இருக்கிற பெண்களுக்கு, எந்தக் கட்சி, எந்தச் சாதின்னு பார்க்காம, வேட்பு மனு எப்படி நிரப்புறது, ஊராட்சிக் கணக்கு எப்படிப் பார்க்குறதுன்னு ரெண்டு நாள் பயிற்சி வைக்கணும். ஓட்டு யாருக்குன்னு கூட்டமைப்பு சொல்ல வேணாம். ஒரே வார்டுல நம்ம ஆளுங்க ரெண்டு பேர் நின்னாலும் பரவாயில்ல, ரெண்டு பேருக்கும் கத்துக் குடுப்போம். முக்கியமா, தோத்தவங்க அடுத்த மாசக் கூட்டத்துக்கு வரலைன்னா, யாராவது ரெண்டு பேர் அவங்க வீட்டுக்குப் போய்க் கூட்டிக்கிட்டு வரணும். என் மாமியார் எனக்குச் செஞ்சது எல்லாருக்கும் கிடைக்காது.

நம்ம தொகுதி தனித்தொகுதி. பட்டியல் சமூகத்தைச் சேர்ந்தவங்கதான் எம்.எல்.ஏ.வுக்கு நிக்க முடியும். அந்தச் சமூகத்துல இருந்து ஒரு பெண் 1980-லயே கோட்டைக்குப் போயிட்டாங்க. ஜெயிச்சாங்க, பதிமூணு வருஷம் வெளியில இருந்தாங்க, திரும்ப ஜெயிச்சாங்க, கடைசியா தோத்தாங்க. தோத்தது சேர்த்துத்தான் முப்பது வருஷம். நமக்கு ஒரு தேர்தல்ல தோத்ததும் ஊரே சிரிக்கிற மாதிரி இருக்கு. ஊர் ஒரு வாரம் சிரிக்கும். அடுத்த வாரம் தண்ணி வரலைன்னா நம்மகிட்டதான் வந்து நிக்கும்.

நான் அடுத்த முறையும் நிக்கிறதா இருக்கேன். வீட்டுக்காரர் இன்னும் சரின்னு சொல்லல. வேணாம்னு சொல்றதை நிறுத்தியிருக்கார். இங்க கூட்டத்துல பின்னாடி நின்னு கேட்டுக்கிட்டுதான் இருக்கார், அதனால இதோட நிறுத்திக்கிறேன்.